தொண்ணூற்றிரண்டு கிராம் சந்தேகம்

வேன் கேட்டைத் தாண்ட இன்னும் பத்தடிதான் இருந்தது.

தராசு படியில் இறங்கவில்லை, குதித்தாள். ஒரு காலில் செருப்பு. மறு காலில் உற்பத்திக் கூடத்துக்குள் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை. தலையில் இருந்த வலைத்தொப்பி பாதி கழன்று காதில் தொங்கியது. அந்தக் கோலத்திலேயே முற்றத்தைக் குறுக்கே கடந்து, வண்டிக்கு முன்னால் ஆணியடித்த மாதிரி நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. வண்டியின் மூக்கு அவள் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, சாகறதுக்கு வேற வண்டி கிடைக்கலையா? கடலை வண்டில அடிபட்டான்னு பேப்பர்ல வந்தா நல்லாவா இருக்கும்?"

"எத்தனை பெட்டி ஏத்தியிருக்கீங்க?"

"எண்பது."

"எல்லாத்தையும் இறக்குங்க."

டிரைவர் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தக் கூடத்தில் வேலை பார்க்கும் முப்பது பேருக்கும் அவள் தராசுதான். எதைக் கையில் கொடுத்தாலும் எடை போட்டுப் பார்க்காமல் விடமாட்டாள். டீ கிளாஸைக்கூட ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள் என்று கேலி பேசுவார்கள். தரம் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். கேலியை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள், அன்று காலை எட்டரை மணி வரைக்கும்.

எட்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்திருந்தாள்.

அந்தக் கூடத்தில் தயாராவது கடலை விழுது. வறுத்த நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், கொஞ்சம் வைட்டமின் பொடி. எல்லாவற்றையும் சேர்த்து மையாக அரைத்து, தொண்ணூற்றிரண்டு கிராம் பாக்கெட்டாக அடைப்பார்கள். எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தைகளுக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் மருந்து. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். முனையைக் கிழித்து வாயில் பிதுக்கினால் போதும். முன்பெல்லாம் இது கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஒன்றரை வருஷமாகத்தான் உள்ளூரிலேயே தயாராகிறது.

இந்த விழுதைச் சாப்பிடும் குழந்தை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமாவது ஏற வேண்டும். அதுதான் ஆஸ்பத்திரிக் கணக்கு. போன வாரம் புது பாக்கெட்டில் ஆரம்பித்த குழந்தைகள் ஒன்பது பேர். ஒரே ஒரு குழந்தைதான் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆறு பேர் அசையவே இல்லை. இரண்டு பேர் இறங்கியிருந்தார்கள்.

இறங்கிய இரண்டு பேரில் ஒருத்தி பூசணி.

பூசணி, தராசின் தங்கை மகள். பதினாலு மாதம். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததால் வந்த செல்லப்பெயர். நாலு மாதமாக விட்டுவிட்டு வந்த காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உடம்பை உருக்கிவிட்டன, பெயர் மட்டும் மிச்சம். ஆறு கிலோகூட இல்லை. ஆஸ்பத்திரியில் கப்பல் பாக்கெட் கொஞ்சம் மீதி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கட்டுமா என்று தங்கை கேட்டபோது, "எங்க பாக்கெட்டே கொடு, நான் கையால சோதிச்சது" என்று மார்தட்டியவள் தராசுதான்.

ஆஸ்பத்திரிக்கு வேனிலேயே போனாள். வழி நெடுக டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் வண்டி ஓட்டி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வார்டில் பத்துக் கட்டில். தோள் உயரத்துக்குப் பச்சைப் பெயின்ட், அதற்கு மேலே வெள்ளை. ஒவ்வொரு கட்டில் காலிலும் எடைச் சீட்டு நூலால் கட்டித் தொங்கியது. நாலாம் நம்பர் கட்டிலில் பூசணி படுத்திருந்தாள். பெரியம்மாவைப் பார்த்தால் கையைத் தூக்கும் குழந்தை, அன்று கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கூரையைப் பார்க்கத் தொடங்கியது. தராசு சீட்டை எடுத்துப் படித்தாள். ஐந்து கிலோ தொள்ளாயிரம். போன திங்களைவிட நாற்பது கிராம் குறைவு.

தங்கை எழுந்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஏழு பாக்கெட்டுகள், எல்லாம் பாதி பிதுக்கி மடித்து வைத்தவை.

"முழுசாத் தின்னுட்டான்னு நர்ஸ்கிட்ட பொய் சொன்னேன்" என்றாள். "வாய்ல வெச்சா அண்ணத்துல ஒட்டிக்குது. விழுங்க முடியாம முழி பிதுங்குது. துப்பிடறா. திட்டுவாங்களோன்னு ஒளிச்சு வெச்சேன். நான் மட்டும் இல்ல, எல்லாரும்தான்."

பக்கத்துக் கட்டில்களில் இருந்த தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மெதுவாகத் தலையணைக்கு அடியில் கையை விட்டாள்.

தராசு ஒரு பாக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் பிதுக்கினாள். நாடா மாதிரி வழுக்கிக்கொண்டு வர வேண்டிய விழுது, சுவர் வெடிப்பை அடைக்கும் பூச்சு மாதிரி கட்டிகட்டியாக வந்து விழுந்தது.

"நீ சொன்னேன்னுதானே கொடுத்தேன், அக்கா" என்றாள் தங்கை. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

டாக்டரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமல், விஷயத்தை நாலு வரியில் முடித்தார். ஒன்பது குழந்தைகளுக்கும் அந்த பாக்கெட்டை நிறுத்தியாயிற்று, இப்போதைக்கு ஆஸ்பத்திரியின் பாலுணவு. கப்பல் பாக்கெட் இருப்பில் உள்ளது மூன்று குழந்தைகளுக்கு ஒரு வாரம் வரும். புதிதாகக் கேட்டு எழுதினால் வந்து சேர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் சுற்றுவட்டாரக் கிளினிக்குகளில் நூற்று நாற்பது குழந்தைகளுக்கு என்ன கொடுப்பதென்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் ஏறாத மருந்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

"புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணி" என்றார். "காரணம் என்னன்னு தெரியணும். நழுவல் பதில் வேண்டாம். இல்லைன்னா உள்ளூர்ச் சரக்கை நிறுத்தச் சொல்லி எழுதிடுவேன்."

இரண்டு நாள்.

திரும்பி வந்ததும் தராசு சந்தேகப் பட்டியல் போட்டாள். முதலில் கடலை. போன மாதம் புது லோடு வந்திருந்தது. பூஞ்சணம் பிடித்த கடலையில் விஷம் இருக்கும். அதனால் ஒவ்வொரு மூட்டையையும் பெண்கள் விளக்கொளியில் கொட்டி, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தள்ளிய பிறகே வறுப்பார்கள். தராசு மூட்டைக்கு ஒரு பிடி அள்ளிச் சோதித்தாள். குற்றம் சொல்ல இடமில்லை. அடுத்து பால் பவுடர். புரதம் சரியாக இருந்தது. அரவை இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தாள். அதுவும் சரி. வைட்டமின் பொடியின் தேதியைப் படித்தாள். காலாவதியாக இன்னும் பத்து மாதம் இருந்தது.

திங்கள் மாலைக்குள் பட்டியலில் இருந்த எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள்.

செவ்வாய்க் காலை, மிச்சமிருந்த ஒரே வழியில் இறங்கினாள். ஒவ்வொரு தடவை அரைக்கும் தொகுதி விழுதையும் கலக்கும் டிரம்மிலிருந்து ஒரு சின்ன பாட்டில் நிறைய எடுத்து, நம்பர் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பது அவள் வழக்கம். அந்தத் தொகுதியின் பாட்டிலை எடுத்தாள். பூசணியின் மெத்தைக்கு அடியிலிருந்த பாக்கெட்டையும் எடுத்தாள். இரண்டும் ஒரே நாள், ஒரே நம்பர். இரண்டிலும் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: ரசாயனத்தில் ஊறவைத்து, எண்ணெயை மட்டும் பிரித்து, காயவைத்து, எடை போட வேண்டும். மூன்று மணி நேர வேலை. அந்த மூன்று மணி நேரமும் அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

பாட்டிலில் நூற்றுக்கு முப்பத்துநாலு. இருக்க வேண்டிய அளவு.

பாக்கெட்டில் இருபத்திரண்டு.

மறுபடி செய்தாள். இருபத்திரண்டு. வேறு பாக்கெட்டில் செய்தாள். இருபத்தொன்றரை.

ஆக, டிரம்மில் இருந்த எண்ணெய் பாக்கெட்டுக்குப் போய்ச் சேரவில்லை. டிரம்முக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே இருபதடி தூரம். அந்த இருபதடியில் இருந்தது ஒரே ஒரு அறை. நிரப்பும் அறை. அங்கே மாஸ்டர்தான் ராஜா.

மாஸ்டர் வந்து நாலு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் முப்பத்திரண்டு வருஷம் பேக்கரியில் பிஸ்கட் போட்டவர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு பார்க்க முடியாது. நிரப்பும்போது வேறு யாரும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. சுத்தத்துக்காக அந்த விதியைப் போட்டவளே தராசுதான்.

அவள் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதை டிரைவர் பார்த்தார். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததை அவர் மெல்லிய குரலில் கக்கினார்.

"அந்த ரூமுக்குப் பின்னாடி ஸ்டோர் இருக்கு பாருங்க. வெள்ளை வெள்ளையா கேன் அடுக்கி வெச்சிருக்காரு. ஒண்ணைத் தூக்கிப் பாத்தேன், செம கனம். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்தாளு கையில எப்பப் பாத்தாலும் கரண்டி இருக்கு."

தராசு ஸ்டோர் கதவைத் தள்ளினாள். பதினோரு கேன். ஒன்றின் மூடியைத் திருகினாள். வறுத்த கடலை மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே தங்க நிறத்தில், தெளிவாக, எண்ணெய்.

நாற்பது கிராம் இறங்கிய குழந்தை கண்ணில் நிற்க, குழந்தை வாயிலிருந்து பிடுங்கிய எண்ணெய் இங்கே அடுக்கடுக்காக நின்றது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மாஸ்டர், கையில் துணி, துணியில் கரண்டி. ஓடவில்லை, திகைக்கவுமில்லை. தன் அலமாரியை யாரோ திறந்து பார்க்கிறார்களே என்ற லேசான ஆச்சரியம் மட்டும் முகத்தில் இருந்தது.

"இது என்ன மாஸ்டர்?"

"எண்ணெய்மா."

"எங்கேருந்து வந்துச்சு?"

"பேஸ்ட்லேருந்துதான். அரைச்சதை ஒரு மணி நேரம் அசையாம வெச்சா மேல வந்து மிதக்குது. எடுத்துடறேன்." தலை வாரிக்கொண்டேன் என்பதுபோலச் சொன்னார்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"இதுக்கு யாரைக் கேக்கணும்? எண்ணெய் மிதக்கிற சரக்கைக் கடைக்காரன் கையால தொட மாட்டான்மா. கெட்டுப்போச்சுன்னு மூஞ்சில விட்டெறிவான். என் கையால அப்படி ஒரு சரக்கு வெளிய போனதில்ல. இது சீக்காப் படுத்திருக்கிற பிள்ளைங்களுக்குப் போறதுன்னாங்க. அதான் இன்னும் சுத்தமா எடுத்தேன்." அப்போதுதான் அவள் பார்வையின் அர்த்தம் அவருக்கு உறைத்தது. முகம் சிவந்தது. "திருடினேன்னு நினைச்சீங்களா? ஒரு சொட்டு வெளிய போகல. தேதி போட்டு, நம்பர் போட்டு வெச்சிருக்கேன். பாத்துக்கோங்க."

தராசு பார்த்தாள். ஒவ்வொரு கேனிலும் சீட்டு, சீட்டில் தேதி, தொகுதி எண், மணிமணியான கையெழுத்து. திருடுகிறவன் இப்படி எழுதி ஒட்ட மாட்டான். கேனின் மூடியைத் திரும்பத் திருகி மூடினாள்.

"மாஸ்டர்" என்றாள் கடைசியில். "அந்த எண்ணெய்தான் மருந்து."

பிறகு விளக்கமாகச் சொன்னாள். குழந்தையின் வயிறு சின்னது, நிறையச் சாப்பிட முடியாது. கையளவு உணவில் முழுச் சாப்பாட்டின் பலத்தை அடக்குவது எண்ணெய்தான். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் கரைந்திருப்பதும் எண்ணெயில்தான், அதை எடுத்தால் வைட்டமினும் கூடவே போய்விடும். காய்ந்த வாயில் விழுது வழுக்கிக்கொண்டு இறங்குவதும் எண்ணெயால்தான். எண்ணெய் குறைந்ததில் பலம் குறைந்தது பாதி. விழுங்க முடியாமல் துப்பியது மீதி.

மாஸ்டர் கவிழ்த்து வைத்திருந்த கேன் மேல் உட்கார்ந்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒன்பது என்றாள். அதில் ஒன்று தன் தங்கை மகள் என்பதையும் சொன்னாள். அவர் எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார்.

"என்கிட்ட யாரும் சொல்லலையேமா" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. அதனாலேயே அது அவளுக்கு நெருஞ்சி முள் மாதிரி தைத்தது.

யாரும் சொல்லவில்லைதான். சுவர் முழுக்க அறிவிப்புகள் ஒட்டியிருந்தன: நகம் வெட்டு, தொப்பி போடு, இருமினால் வெளியே போ. எல்லாம் தராசு எழுதியவை. இந்த விழுதில் எது மருந்து என்று ஒரு வரி கிடையாது. அதைவிடப் பெரிய கூத்து இன்னொன்று இருந்தது. சோதனைக்கு அவள் எடுத்ததெல்லாம் டிரம்மிலிருந்து, மாஸ்டர் கை படுவதற்கு முன்னால். அடைத்த பாக்கெட்டை எடை மட்டும் போட்டாள். எண்ணெயை எடுத்த இடத்தில் விழுதை நிரப்பினால் எடை குறையுமா? ஒவ்வொரு பாக்கெட்டும் தொண்ணூற்றிரண்டு கிராம், ஒரு கிராம் பிசகில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பெயர் வாங்கியவள், ஆறு மாதமாக ஒரு பாக்கெட்டைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

எண்பது பெட்டியோடு, கிளினிக்குகளுக்கு முன்பே போயிருந்த பாக்கெட்டுகளும் திரும்பி வந்து குப்பைக்குப் போயின. கேன்களில் இருந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றிவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். வாரக்கணக்கில் காற்றுப் பட்ட எண்ணெய், சோப்புக்காரருக்குத்தான் ஆகும் என்றாள் தராசு. புதிதாக அரைக்கத் தொடங்கினார்கள். ஆனால் பழைய பிரச்னை பழையபடி நின்றது: அரைத்து வைத்தால் எண்ணெய் மேலே வரத்தான் செய்யும். முதலில் நிரப்பும் பாக்கெட்டில் எண்ணெயே போகும், கடைசி பாக்கெட்டில் சக்கைதான் போகும்.

தராசு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மாஸ்டர் கனைத்தார். மிதக்க விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதானே என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எடுக்கத் தெரிஞ்சவனுக்கு அடக்கத் தெரியாதா? பிஸ்கட் நடுவுல வெக்கிற க்ரீம் வேற என்னன்னு நினைச்சீங்க?"

சர்க்கரையையும் பால் பவுடரையும் தனியாக, இன்னும் இரண்டு மடங்கு நைசாக அரைக்கச் சொன்னார். அப்போதுதான் துகள்கள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். சூட்டோடு நிரப்பாமல், விழுதைக் கிளறும் துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்க, ஆறவைத்து நிரப்பச் சொன்னார். கடைசி பாக்கெட் வரைக்கும் துடுப்பு நிற்கவே கூடாது. செவ்வாய் நள்ளிரவில் ஒரு தொகுதி முடிந்தது. புதன் காலை, முதல் பாக்கெட், நடு பாக்கெட், கடைசி பாக்கெட் என்று மூன்றைப் பிரித்துச் சோதித்தாள். முப்பத்துநாலு. முப்பத்துநாலு. முப்பத்துமூன்றரை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். புதிதாக வந்த ஆள் செய்த தவறா என்று டாக்டர் கேட்டார். அந்த ஆள் தன் வேலையை நேர்மையாகத்தான் செய்தார் என்றாள் தராசு.

"தப்பு என் மேலதான் டாக்டர். சொல்லிக் கொடுக்க வேண்டியதைச் சொல்லல. பாக்க வேண்டிய இடத்துல பாக்கல."

டாக்டர் மூன்று பாக்கெட்டை வாங்கிச் சீல் வைத்து, வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குத் தானே அனுப்பினார். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. கொழுப்பு சரி, புரதம் சரி, வைட்டமின் சரி, பூஞ்சண விஷம் அனுமதித்த அளவுக்கும் கீழே. சனிக்கிழமை காலை வார்டில் தாய்மார்களைக் கூட்டி, டாக்டர் உள்ளது உள்ளபடி சொன்னார். எங்கே தவறு நடந்தது, எப்படித் திருத்தினார்கள், ஆய்வில் என்ன வந்தது. கப்பல் பாக்கெட் மூன்று பேருக்கு இருக்கிறது, வேண்டுமென்பவர்கள் கேட்கலாம். உள்ளூர் பாக்கெட்டைத் தொடர விரும்புகிறவர்கள் தொடரலாம். ஒரு வாரம் கழித்து எடை. உள்ளூர் பாக்கெட் சாப்பிட்ட குழந்தைகளின் சராசரி ஐந்து கிராமைத் தொடவில்லை என்றால், கதை முடிந்தது.

முதல் ஆளாகப் பேசியது தங்கை.

"என் பொண்ணுக்குக் கப்பல் பாக்கெட்டே கொடுங்க."

எல்லோரும் தராசைப் பார்த்தார்கள். சொந்தத் தங்கையே நம்பவில்லை. இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். மீதி ஆறு பேர், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சரி என்றார்கள்.

வராந்தாவில் தங்கை அவளைத் தடுத்து நிறுத்தினாள். "ஒரு வாரம் இந்தப் பக்கம் வராத. என் பொண்ணை வெச்சு இன்னொரு தடவை எடை போட்டுப் பாக்க வேண்டாம். உன் வேலையை நீ பாரு."

தராசு தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். படி இறங்கும்போது நெஞ்சு வலித்தது. ஆனால் ரோட்டுக்கு வந்தபோது, வலிக்கு அடியில் இன்னொன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். நிம்மதி. பூசணி நல்ல பாக்கெட் சாப்பிடுவாள், தன் கையில் ஏதாவது பிசகினாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு நிம்மதி வந்ததற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. மற்ற ஆறு பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

அந்த வாரம் அவள் வேலை பார்த்தது போல ஒன்றரை வருஷத்தில் பார்த்ததில்லை. பதற்றமில்லாமல், நிதானமாக. ஐம்பது பாக்கெட்டுக்கு ஒன்றைப் பிரித்தாள். பொறுக்கும் பெண்களிலிருந்து வேன் ஏற்றுகிறவர்கள் வரை எல்லோரையும் உட்கார வைத்து, விழுதில் எது எதற்காக இருக்கிறது என்று சொன்னாள். சந்தேகம் கேட்டதில் முதல் ஆள் டிரைவர். வைட்டமின் இருக்கிறதென்றால் தானும் தினம் ஒன்று சாப்பிடலாமா என்று கேட்டார். முதலில் தொப்பையை எடை போடலாம் என்று பெண்கள் அவரை ஓட்டித் தீர்த்தார்கள். மாஸ்டர் நிரப்பும் அறைக் கதவில் தன் மணிமணியான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினார்: 'எண்ணெய் எடுக்கக் கூடாது. துடுப்பை நிறுத்துபவர் என்னிடம் பதில் சொல்ல வேண்டும்.' தினமும் மாலை அவளிடம் வந்து பிள்ளைகள் எப்படி என்று கேட்பார். தெரியவில்லை என்பாள். தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

தங்கை போனை எடுக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை பத்து மணி. டாக்டரம்மாவின் மேஜை மேல் ஒரே ஒரு தாள். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் உள்ளூர் பாக்கெட், மறு பக்கம் கப்பல் பாக்கெட். டாக்டர் கால்குலேட்டரைத் தட்டினார். நம்பாமல் மறுபடி தட்டினார். கதவோரம் நின்ற மாஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"உள்ளூர் பக்கம் சராசரி எட்டு" என்றார் டாக்டர். "கப்பல் பக்கம் ஏழே முக்கால்."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். உள்ளூர் பாக்கெட் தொடரலாம். இனி ஒவ்வொரு தொகுதியிலும் அடைத்த பாக்கெட் மூன்று, வேனில் ஏறுவதற்கு முன் அவர் மேஜைக்கு வர வேண்டும். மாஸ்டர் சத்தம் போடாமல் வெளியே போனார். வராந்தாவில் அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

தராசு தாளைத் தன் பக்கம் திருப்பினாள். வழக்கம் அவளை விடுமா? வரிவரியாகப் பார்த்தாள். உள்ளூர் பக்கம் ஆறு வரி இருக்க வேண்டும். ஏழு இருந்தது. கப்பல் பக்கம் மூன்றுக்குப் பதில் இரண்டு. ஏழாவது வரியில் விரலை வைத்தாள். கட்டில் நாலு. ஐந்து தொள்ளாயிரத்திலிருந்து ஆறு முன்னூற்று நாற்பது. பட்டியலிலேயே அதிகம் ஏறிய குழந்தை.

"டாக்டர், நாலாம் நம்பரைப் பக்கம் மாத்தி எழுதியிருக்கீங்க."

"இல்லையே" என்றார் டாக்டர். "நான் சரியாத்தான் எழுதியிருக்கேன். போய் அவங்களையே கேளுங்க."

வார்டுக்குள் போனபோது தங்கை பாக்கெட்டின் முனையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள். பூசணி உட்கார்ந்திருந்தாள், தானாக, முதுகுக்குத் தலையணை இல்லாமல். பொறுமை இல்லாமல் இரண்டு கையாலும் பாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். வாயோரம் விழுது வழிந்தது. தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் மோவாயைத் துடைப்பதில் மும்முரமானாள்.

"டாக்டர்கிட்ட நீ பேசினப்ப நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன்" என்றாள். "அந்த ஆளு மேல பழி போட்டிருந்தா நானும் உன்னை நம்பியிருக்க மாட்டேன். தப்பு என் மேலன்னு சொன்ன பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஆனா இவ சாப்பிடுறான்னு உனக்குத் தெரிஞ்சா நீ ஒரு பாக்கெட்டையும் வெளிய விட மாட்ட. பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்ப. மத்த பிள்ளைங்க பட்டினி கிடக்கணும்."

தராசு கட்டில் காலில் தொங்கிய எடைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"அதனாலதான் எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டேன். நீ படி இறங்கினதும் டாக்டர்கிட்ட போய் இவ பேரை உள்ளூர் பக்கம் எழுதச் சொல்லிட்டேன். கப்பல் பாக்கெட் ஒண்ணுகூட இவ வாய்ல படல, அக்கா. ஏழு நாளும் உன்னுதுதான்."